கடற்பசுக் குளத்தருகே, பத்து மணிக்கு

கிட்டி, ஜார்ஜ்டவுன்
11 பிப்ரவரி 1984

மிஸ் இஸ்மே செம்பிள் அவர்களுக்கு,

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்ததனால்தானே வானொலியில் என் பெயரைப் போட்டீர்கள்?

வியாழக்கிழமை மதியம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தேன். இறப்பு அறிவிப்பு நேரம். அந்தச் சோக இசை தொடங்கிவிட்டால் எங்கள் ஆட்கள் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். யார் செத்தார் என்பதைவிட, யாருக்கு யார் பிள்ளை என்று தெரிந்துகொள்வதில்தான் எல்லோருக்கும் ருசி. "ரோஸ் ஹாலைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் வில்பர்ட் செம்பிள், 'மெதுவாப் போ' என்று எல்லோராலும் அறியப்பட்டவர், காலமானார். எனிட் செம்பிளின் கணவர். இஸ்மே, ஜார்ஜ்டவுன் டோனெட் குவாமினா ஆகியோரின் தந்தை."

கூடம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. "ஏ டோனெட், உனக்கு அப்பா இருந்தாரா? சொல்லவே இல்லியேடி!" என்றாள் மேவிஸ். "இருந்தாரு. இப்பத்தான் செத்தாரு," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் பிழிந்த விரிப்பில் ஒரு சொட்டு ஈரம் மிச்சமில்லை.

வீட்டுக்குப் போனால் அம்மா நாற்காலியை வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மாலையிலும் அதையே வாசிப்பார்கள் அல்லவா? "மத்தியானம் சரியா காதுல விழல," என்றாள். பொய். தெருவுக்கே விழுந்திருந்தது.

எனக்கு ஒரே கேள்விதான். எதற்காகப் போட்டீர்கள்? அந்த மனிதரின் பிள்ளை என்று இத்தனை வருடம் எங்கேயும் யாரும் என்னைச் சொன்னதில்லை. உங்களுக்குச் சர்ச்சில் நல்ல பெயர் வேண்டுமா? அல்லது பரிதாபமா? பரிதாபம் என்றால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் எழுதுங்கள். எழுதாவிட்டாலும் எனக்கு நஷ்டமில்லை.

டோனெட் குவாமினா


ரோஸ் ஹால், கோரண்டைன்
24 பிப்ரவரி 1984

அன்புள்ள டோனெட்,

நலமா? அம்மாவும் நலம்தானே?

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் படித்தேன். வீட்டில் படிக்க முடியாது. என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி, "டீச்சர் அழுவுறாங்கடா," என்றாள். இன்னொருத்தன், "ம்ஹூம், சிரிக்கிறாங்க," என்றான். இரண்டு பேருக்கும் மதிப்பெண் போடலாம்.

அறிவிப்பை அம்மா எழுதித் தந்தார். அதை வானொலி முகவர் கடையில் கொடுக்கும்போது, என் பெயருக்குப் பிறகு பேனா நிற்கவில்லை. புண்ணியத்துக்காக எழுதவில்லை. ஒரு மனிதரின் சாவை நாடு முழுக்கச் சொல்லப்போகிறோம். பாதியை விட்டுவிட்டுச் சொன்னால் அது வேறு யாரோ ஒருவரின் சாவாகிவிடும் என்று தோன்றியது. அன்று முதல் அம்மா என்னிடம் பேசுவதில்லை. சாப்பாடு தயார் என்பதைக்கூடப் பூனையிடம்தான் சொல்கிறார்.

உன்னைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். எனக்குப் பதினான்கு வயதிருக்கும். நெல் ஆலைக்குப் போகும் வழியில் லாரியில் வைத்து அப்பா திடீரென்று சொன்னார்: "ஜார்ஜ்டவுன்ல உனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. தாவரவியல் பூங்கா குளத்துல கடற்பசு இருக்குல்ல, அதுக்குக் கையால புல்லு ஊட்டுறா."

"பசு எப்படிப்பா தண்ணிக்குள்ள இருக்கும்?"

"இருக்கும். சாக்கு மூட்டை மாதிரி இருக்கும். மீசை உண்டு. விசிலடிச்சா வரும்."

அப்பா வாய்கூசாமல் கதை விடுவார், உனக்குத் தெரியும். ஒருமுறை லாரியில் நிலாவை ஏற்றிக்கொண்டு வந்ததாகச் சொன்னவர். ஆகவே மீசை வைத்த பசுவையும் தங்கையையும் ஒரே பொய்யாகக் கட்டி மனசில் ஒரு மூலையில் போட்டுவிட்டேன். பெரியவளான பிறகு தங்கை உண்மை என்று ஊரார் பேச்சில் புரிந்தது. ஆனாலும் முழுதாக நம்பவில்லை. இப்போது அந்தப் பொய்களில் ஒன்று என்மேல் கோபப்பட்டு, கையெழுத்தும் போட்டுக் கடிதம் எழுதியிருக்கிறது. அப்படியானால் மற்றதும் உண்மையா? சொல். உண்மையிலேயே இருக்கிறதா?

அன்புடன்,
இஸ்மே


கிட்டி
5 மார்ச் 1984

மிஸ் இஸ்மே,

இருக்கிறது.

அவர் உங்களிடம் சொன்னாரா? என்னைப் பற்றியா? கடிதத்தை நான்கு முறை படித்தேன். என்னைப் பற்றி அவர் யாரிடமாவது வாய் திறந்து சொல்லியிருப்பார் என்று நினைத்ததே இல்லை.

கரையில் நீளமான புல்லாகப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். மண்டியிட்டுத் தண்ணீரை அந்தப் புல்லால் தட்டி விசிலடிக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. தேயிலைச் சாயம் மாதிரிக் குளம் அப்படியே கிடக்கும். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து ஒரு மூச்சு கேட்கும். கிழவர்கள் நாற்காலியில் உட்காரும்போது விடும் மூச்சு. நரைத்த மூக்கு ஒன்று மேலே வந்து, உதட்டால் கையிலிருந்து புல்லை வாங்கும். அவ்வளவு பெரிய உடம்பு, ஆனால் பறிக்காது, வாங்கும். ஆறு வயதில் நான் பயந்து அவர் காலைக் கட்டிக்கொண்டேன்.

அதெல்லாம் லாரி இந்தப் பக்கம் வந்த ஞாயிறுகளில். நான் வளர்ந்ததும் வருவதை நிறுத்திவிட்டார். பெரிய பெண்ணைக் கூட்டிக்கொண்டு நடந்தால் ஊர் முகஜாடை பார்க்கும் அல்லவா? உங்களுக்கு முழு அப்பா. எங்களுக்குப் புல் பிடுங்கும் அப்பா மட்டும்.

பார்க்க வேண்டுமென்றால் வாருங்கள். பிறகு அவர் பொய் சொன்னார் என்று யாரும் சொல்லக் கூடாது. ஈஸ்டர் திங்கட்கிழமை வேண்டாம். ஜனங்கள் எல்லாரும் பட்டம் விட அங்கேதான் கூடுவார்கள், பசு பயந்து மேலே வராது. ஏப்ரல் எட்டு, ஞாயிறு. கடற்பசுக் குளத்தருகே, பத்து மணிக்கு. தோட்டம் வெள்ளைக்காரத் துரைகள் மாலையில் காலாற நடப்பதற்குப் போட்டது. குளத்தை வெட்டியது நம் ஆட்கள். ஆகவே உரிமையோடு உள்ளே வாருங்கள். முள்ளு இலைத் தாமரையும் காட்டுகிறேன். குழந்தையைப் படுக்க வைக்கலாம், இலை அவ்வளவு பெரியது. மாலையில் கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்கப் பாலத்தில் வரிசை கட்டுவார்கள். சண்டையும் பார்க்கலாம், இலவசம்.

சாப்பாடு பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அரிசி மாவு ரொட்டிதான், அதைச் செங்கல்லாக வைத்துச் சுவர் கட்டலாம். அரசாங்கம் தடை போட்டதிலிருந்து கோதுமை மாவு என்று வாயால் சொன்னாலே இங்கே குற்றம். பெரிய வீடுகளில் கேக் வெட்டுகிறார்கள், நம் வீட்டு அடுப்பில் மணம் எழுந்தால் போலீஸ் வருகிறது. உங்கள் ஊரில் ஆற்றைத் தாண்டி சுரிநாம் மாவு வருகிறதாமே? நான் கேட்கவில்லை. சும்மா சொன்னேன்.

டோனெட்


ரோஸ் ஹால்
22 மார்ச் 1984

அன்புள்ள டோனெட்,

வருகிறேன். முப்பது வயதில் சுற்றுலா போகும் பள்ளிப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன்.

காலை முதல் படகில் பெர்பீஸ் ஆற்றைக் கடந்து, அந்தக் கரையில் மினிபஸ் பிடித்தால் பத்து மணிக்குள் வந்துவிடலாம் என்கிறார்கள். நீல உடை போட்டு வருவேன். தொப்பி உண்டு. சிரிக்காதே, தொப்பி இல்லாமல் நான் ஞாயிற்றுக்கிழமை எங்கும் போனதில்லை.

ஒரு சங்கடம். எனக்கு விசிலடிக்கத் தெரியாது. பெண் பிள்ளை விசிலடித்தால் வீட்டுக்கு ஆகாது என்று வளர்த்தார்கள். பள்ளி விட்ட பிறகு வாய்க்கால் கரையில் நின்று பழகுகிறேன். வெறும் காற்றுதான் வருகிறது. என் மாணவன் ஒருவன் வேலிக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "டீச்சர், நாக்க மடிங்க! மடிங்கன்னா கேக்குறீங்களா?" என்று அதட்டினான். அவனை நான் அதட்டும் குரலிலேயே.

நீ முழு அப்பா என்று எழுதியிருந்தாய். இங்கே ஞாயிறு என்றால் அவர் லாரிக்கு அடியில் சாக்கை விரித்துத் தூங்குவார். எழுப்பினால் அம்மா அடிப்பார். அவருடைய பாதம்தான் எனக்கு நன்றாகத் தெரியும். மண்டியிட்டு, புல் பிடுங்கி, விசிலடித்த அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. என்னிடம் இருந்ததை நீ முழுசு என்று நினைத்திருக்கிறாய், உன்னிடம் இருந்ததை நான்.

ரொட்டிப் பிரச்சினையை என்னிடம் விடு. அதற்கு மேல் எழுத மாட்டேன். வெறும் கையோடு தங்கையைப் பார்க்க வர முடியாது, அவ்வளவுதான்.

ஏப்ரல் எட்டு, பத்து மணி.

அன்புடன்,
இஸ்மே


கிட்டி
8 ஏப்ரல் 1984, மாலை

மிஸ் இஸ்மே செம்பிள் அவர்களுக்கு,

பத்து மணியிலிருந்து வாசல் பூட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். நீலத் தொப்பி, நீல உடை, எது போனாலும் எழுந்து நின்றேன். ஒரு கன்னியாஸ்திரீக்குக்கூட எழுந்து நின்றேன்.

மதியம் வரை படகு தாமதம் என்று நினைத்தேன். பிறகு பஸ் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். மூன்று மணிக்குக் கல்யாண ஜோடிகள் வந்தார்கள். ஒரே பாலம், மூன்று மணப்பெண்கள். "நாங்க முதல்ல வந்தோம், நகரு!" "உன் பாவாடைய நகர்த்தவே ஒரு லாரி வேணும், நீ நகரு!" இதைக் காட்டித்தான் உங்களைச் சிரிக்க வைக்க இருந்தேன். தனியாக உட்கார்ந்து சிரித்தால் பைத்தியம் என்பார்கள், சிரிக்கவில்லை.

நீங்கள் வந்த பிறகுதான் கூப்பிட வேண்டும் என்று விசிலடிக்காமல் இருந்தேன். நான்கு மணிக்குக் கோபத்தில் அடித்தேன். எட்டு வருடம் கழித்து அடிக்கிறேன், என்னை அதற்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். வந்தது. ஒன்றல்ல. பெரியது ஒன்று, அதன் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. மூன்று வயதுப் பிள்ளை நீளம் இருக்குமோ என்னவோ, அதற்கும் மீசை. தாய் என் கையிலிருந்து புல்லை வாங்கியது. குட்டி அதன் துடுப்பு போன்ற கைக்கு அடியில் போய்ப் பால் குடித்தது. தண்ணீருக்குள்! பாலத்தில் சண்டை, பட்டாசு மாதிரிக் கத்தல், இங்கே ஒரு உயிர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு உயிருக்குப் பால் கொடுக்கிறது. ஆஸ்பத்திரியில் தினமும் பிறப்பின் ரத்தத்தைத் துவைக்கிறேன். பிறந்த ஒன்றை இவ்வளவு அருகில் பார்த்ததில்லை.

"இங்க பாருங்க!" என்று பக்கத்தில் திரும்பிச் சொன்னேன். பக்கத்தில் யாருமில்லை.

அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. வானொலியில் பெயர் போடுவது சுலபம். பக்கத்தில் வந்து உட்காருவதுதான் கஷ்டம். உங்கள் ஆட்களுக்கு என்றைக்கும் அப்படித்தான்.

இனி எழுத வேண்டாம்.

டோனெட் குவாமினா


ரோஸ் ஹால்
29 ஏப்ரல் 1984

அன்புள்ள டோனெட்,

எழுத வேண்டாம் என்றாய். ஒரே ஒரு கடிதம் எழுதிக்கொள்கிறேன். இதற்கு முன்பே எழுதாததற்குக் காரணம், என்னை என்ன செய்யப்போகிறார்கள் என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

ஏப்ரல் எட்டாம் தேதி காலை ஆறு மணிக்கு நான் படகுத்துறையில் இருந்தேன். கூடையில் இரண்டு பின்னல் ரொட்டிகள். சனிக்கிழமை சுட்டவை. மாவு எங்கிருந்து வந்தது என்பது உனக்குத் தெரியும். மேலே துணி, துணிக்கு மேல் வேத புத்தகம் வைத்திருந்தேன். எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள் போலிருக்கிறது. கான்ஸ்டபிள் புத்தகத்தை மரியாதையாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "டீச்சரம்மா, இந்த ரொட்டி எதுல செஞ்சது?" என்றார்.

பின்னால் நின்ற அம்மாள் என் விலாவில் குத்தி, "அரிசின்னு சொல்லு, அரிசின்னு சொல்லு," என்று முணுமுணுத்தாள். அந்த வரிசையில் அரிசி என்று சொல்லாத ஒரே ஆள் நான்தான். பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொல்லிச் சொல்லியே எனக்கு அது வராமல் போய்விட்டது. "மாவுல," என்றேன்.

"என்ன மாவு?"

"நல்ல மாவு."

மாலை வரை துறையிலிருந்த காவல் அறையில் உட்கார்த்தி வைத்தார்கள். ரொட்டிகளை மேசைமேல் சாட்சியாக வைத்தார்கள். வெயில் ஏற ஏற மணம் அறையை நிறைத்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் மூக்கை உயர்த்தினார்கள். பத்து மணி அடித்தபோது அழுதேன். யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். "ஜார்ஜ்டவுன்ல என் தங்கச்சி பூங்காவுல காத்துட்டிருக்கா," என்றேன். "பூங்காவுக்கெல்லாம் போன் கிடையாதும்மா," என்றார்கள்.

விசாரணை நாளில் நீதிபதி, "சாட்சிப் பொருள் எங்கே?" என்று கேட்டார். கான்ஸ்டபிள் சார்ஜெண்டைப் பார்த்தார். சார்ஜெண்ட் கூரையைப் பார்த்தார். முதல் நாள் இரவே ரொட்டி காணாமல் போயிருந்தது. எப்படி என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, பின் வரிசையிலிருந்து மட்டும் ஒரு குரல், "நல்லா இருந்துச்சா?" என்றது. வழக்கு தள்ளுபடி.

ஆனால் மேலிடம் விடவில்லை. பொதுநலன் கருதி என்னை உள்நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ருப்புனுனிப் புல்வெளியில், பிரேசில் எல்லையில், ஆற்றோரம் ஒரு ஒற்றை அறைப் பள்ளி. மே பதினான்கு, திங்கட்கிழமை விமானம். அங்கே யாரையும் எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. அம்மா பூனையிடம், "விதைச்சத அறுக்கட்டும்," என்றார்.

பதின்மூன்றாம் தேதி ஜார்ஜ்டவுனில் ஆசிரியர் விடுதியில் தங்குகிறேன். பத்து மணிக்குக் குளத்தருகே இருப்பேன். நீ வரவில்லை என்றாலும் இருப்பேன். உன் வீட்டுப் பக்கம் வர மாட்டேன், உன் அம்மாவைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

குட்டிக்கும் மீசை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் தினமும் படிக்கிறேன்.

இஸ்மே


கிட்டி
6 மே 1984

அக்கா,

உன்னைத் திட்டி எழுதிய கடிதம் எங்கே இருக்கிறதோ, அதை அடுப்பில் போடு.

ரொட்டிக்காக ஒரு டீச்சரைக் காட்டுக்கு அனுப்புகிறார்கள். தின்றவனுக்கு ஒன்றுமில்லை. மேவிஸிடம் சொன்னேன், சலவைக்கூடம் முழுக்கப் பற்றிக்கொண்டது. "அவ ஏன் அரிசின்னு சொல்லல?" என்று ஒருத்தி கேட்டாள். "எங்க வீட்டுப் பொண்ணுங்களுக்குப் பொய் வராது," என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

வருகிறேன். பத்து மணிக்கு அல்ல, ஒன்பதுக்கே. மழைக்காலம் தொடங்கிவிட்டது, இரண்டு குடை கொண்டு வருவேன். நீ ஒன்றுமே கொண்டு வராதே. உன்னை மட்டும் கொண்டு வா, கையில் கூடை இருந்தால் உதைப்பேன்.

டோனெட்


ருப்புனுனி
10 ஜூன் 1984

என் அன்புத் தங்கை டோனெட்டுக்கு,

விமானம் வாரம் ஒருமுறைதான், கடிதமும் அப்படியே. வந்த நாளிலிருந்து எழுத நினைத்து எழுதாமல் இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை இன்னும் மனசில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருக்கிறேன். எழுதினால் தீர்ந்துவிடும் என்று பயம்.

மழையில் கடற்பசு என் கையிலிருந்து புல் வாங்கியதை எழுதப்போவதில்லை. நீ பக்கத்தில் இருந்தாய். அந்த உதட்டின் சொரசொரப்பு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. ஆனால் பூ விஷயம் எழுத வேண்டும், ஏனென்றால் அன்று ஏன் அப்படி நடந்துகொண்டாய் என்று நீ கேட்டுக்கொண்டே வந்தாய், நான் பதில் சொல்லவில்லை.

விடுதிக் கதவை ஏழு மணிக்குச் சாத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆறு மணிக்குக் காவல்காரர் வந்து, "பூட்டப் போறேன், கிளம்புங்க," என்றபோது தாமரைக் குளத்தில் ஒரு மொட்டு அசைந்ததைப் பார்த்துவிட்டேன். நீ எழுந்துவிட்டாய். "போக மாட்டேன்," என்றேன். என் குரலா அது?

"ஏம்மா, பாத்தா டீச்சர் மாதிரி இருக்கீங்க, நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"பண்ணலாம். வழக்குப் போடுங்க. எனக்குப் பழக்கம்தான்."

நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். வாழ்நாள் முழுக்க யார் கிளம்பு என்றாலும் கிளம்பியவள் நான். அன்று என் கண்ணெதிரே ஒரு பூ நகர்ந்தது, டோனெட். வெள்ளை இதழ் ஒன்று விடுபட்டது, பிறகு இன்னொன்று. யாரும் தொடவில்லை. அன்னாசிப் பழ மணம் குளத்தின் மேல் பரவியது. உயிரோடு இருப்பதே இவ்வளவு பெரிய காரியமா என்று இருந்தது. காவல்காரர் சாவிக்கொத்தை அசைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "பல வருஷமா ஆறு மணிக்குப் பூட்டிட்டுப் போயிடுறேன். இது தொறந்து பாத்ததே இல்ல," என்றார். அவரையும் சேர்த்துத்தான் இத்தனை காலம் வெளியே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

விடுதிக் கதவு சாத்திவிட்டது. நனைந்துபோய் உன் வீட்டு வாசலில் நின்றேன். உன் அம்மா விளக்கைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் கால் பின்னுக்குப் போனது. "'மெதுவாப் போ'வோட மூஞ்சி அப்படியே," என்றார். பிறகு, "உள்ள வா, வாசல்ல நின்னா தெருவே பேசும்."

உனக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. காலையில் நீ வேலைக்குப் போன பிறகு அவர் என் நீல உடைக்கு இஸ்திரி போட்டார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உங்கம்மாவுக்கு நான் செஞ்சது சரின்னு சொல்ல மாட்டேன். தப்புன்னு அழவும் மாட்டேன். அந்த வயசுல அவர் லாரி சத்தம் கேட்டா எனக்கு வேற எதுவும் கேக்காது. துணி காஞ்சிருச்சு, போட்டுக்கோ." போட்டுக்கொண்டேன். இன்னும் சூடாக இருந்தது.

இங்கே தண்டனை எப்படி இருக்கிறது என்று கேட்பாய். எல்லைக்கு அப்பால் பிரேசில் கடை. வாசலிலேயே கோதுமை மாவு மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள், நாய் அதன்மேல் படுத்துத் தூங்குகிறது. மாவுக்காக என்னைத் தண்டித்தவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதலாமா என்று பார்க்கிறேன்.

போன சனிக்கிழமை பிள்ளைகள் என்னை மரப்படகில் ஏற்றிக் கிளை ஆற்றுக்குள் கூட்டிப்போனார்கள். ஒரு திருப்பம் திரும்பியதும் துடுப்பு போடுகிற பையனின் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஆறு ஏரி மாதிரி விரிந்து கிடந்தது, அது முழுக்க அதே தாமரை இலை. கரை தெரியாத அளவுக்கு. விளிம்பு மடிந்த பச்சைத் தாம்பாளங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கு நடக்கிறது. யாரும் நடவில்லை, யாரும் வெட்டவில்லை, பெயர்ப் பலகை இல்லை. பொழுது இறங்கியதும் நூறு மொட்டுகள் ஒரே நேரத்தில் அசைய ஆரம்பித்தன. பிள்ளைகள் இலைகளைத் துடுப்பால் ஒதுக்கிவிட்டு மீன் தேடினார்கள். "டீச்சர், ஏன் வாயத் தொறந்துட்டு இருக்கீங்க? ஈ போயிரும்," என்றாள் ஒருத்தி. "இதுக்கு எத்தன மணிக்குப் பூட்டுவாங்க?" என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "ஆத்தையா?" என்றாள்.

பள்ளி விடுமுறையில் வா. ஆகஸ்டில் ஒரு வாரம் லீவு கேள், கொடுக்காவிட்டால் மேவிஸைச் சண்டைக்கு அனுப்பு. விமானம் இறங்கும் இடத்தில் நான் நிற்பேன். கொசுவலை என்னிடம் இரண்டு இருக்கிறது, மூன்றாவதைத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது யாருக்கு என்று உன் அம்மா கேட்பார். வர மாட்டேன் என்பார். வாரா வாரம் கேட்டுக்கொண்டே இரு. படகுக்காரரிடம் மூன்று பேர் என்று நான் சொல்லிவிட்டேன்.

உன் அக்கா,
இஸ்மே